இடப்பக்கம் இழுக்கிற வண்டி

ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் போதும், கார் இடப்பக்கமாகப் போகப் பார்க்கும். இரண்டு மாதமாக இதே கதைதான். கண்ணாடிக்காரி அதைத் தன் தப்பு என்று யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை. "ரோடு சரியில்ல" என்பாள். "டயர் புதுசு, பழகணும்" என்பாள். சக்கரங்களை நேராக்கிவைக்கிற அலைன்மெண்ட் அவள் வாய்க்கு மட்டும் தேவைப்படவில்லை, அது நன்றாகவே ஓடியது.

கண்ணாடிக்காரி என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். ஊரார் கண்ணுக்கெல்லாம் டிகிரி பார்த்து லென்ஸ் தேய்த்துக் கொடுப்பது பகல் வேலை. மீதி நேரமெல்லாம் கார். கம்பெனியிலிருந்து வந்தபோது அது ஒரு சாதாரண வீட்டுக் கார். இவளுக்குக் கை சும்மா இருக்குமா? ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினாள். அகலமான சக்கரம் மாட்டினாள். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம் இரண்டையும் கழற்றிப் புதுசு போட்டாள். எல்லாம் குடியிருப்பின் கீழே, கார் நிறுத்துகிற இடத்தில், கணவன் விளக்குப் பிடிக்க, அவளே செய்தது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க ஜம்மென்றுதான் இருந்தது.

போன புதன்கிழமை மழை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது ஒரு வளைவில் வண்டி இவள் பேச்சைக் கேட்கவில்லை. இடப்பக்கச் சக்கரங்கள் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பாப்பா அப்பாவிடம் ஓடிப்போய், "அப்பா, அம்மா காரு டான்ஸ் ஆடுச்சு!" என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ரகசியம் காக்கவா தெரியும்?

அவள் கணவன் ஆஸ்பத்திரியில், அதுவும் விபத்துப் பிரிவில், நர்ஸ். கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பாள். அவனோ சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், படுத்துவிட்டான். சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜைமேல் இரண்டு பஸ் டிக்கெட் இருந்தது. அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. நாலு மணி நேரப் பயணம். மூன்று பேரும் காரில் போவதாகத்தான் பேச்சு.

"என்னங்க இது, ரெண்டுதான் இருக்கு?"

"எனக்கும் பாப்பாவுக்கும். அஞ்சரை மணி பஸ்."

"அப்ப நான்?"

"நீ உன் கார்ல வா. பாப்பா இனிமே அதுல ஏற மாட்டா." சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னான். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை.

"அலைன்மெண்ட் பண்ணா சரியாயிடும். இன்னிக்கே பண்ணிடுறேன். நேரா ஓடிச்சுன்னா?"

அவன் கடைசிப் பொத்தானைப் போட்டான். மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அவள் சாவியை எடுத்தாள். அப்போது மணி ஒன்பதரை.

தெருமுனை டயர்க்கடையில் பாதியில் நின்றது கதை. சாய்தளத்தில் ஏற்றியதுமே முன்பக்கப் பம்பர் 'கரக்' என்றது. அவளுக்கு அது தன் பல்லில் பட்ட மாதிரி இருந்தது. கடைக்காரர் குனிந்து, வண்டிக்கும் தரைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் போயிற்று, மூன்றாவது போகவில்லை.

"அக்கா, ஒரு எறும்பு கூட இதுக்கடியில தலை நிமிந்து போக முடியாது போலிருக்கே. இதை எப்படிக்கா மேல ஏத்துறது?"

"பலகை வெச்சு ஏத்துங்க."

"பலகை வெச்சு ஏத்தலாம். அப்புறம் உடைஞ்சா என் தலையில ஏத்துவீங்க. வேணாம்க்கா, ஆள விடுங்க" என்று கும்பிட்டார்.

அடுத்தது பெரிய கடை. கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம், காப்பி இயந்திரம், பளபளக்கிற தரை. சீருடைக்காரர்கள் நாலு சக்கரத்திலும் கருவி மாட்டி, திரையில் எண்களை ஓடவிட்டார்கள். சிவப்பெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறியது. கண்ணாடிக்காரிக்கு மனசு குளிர்ந்தது. இவ்வளவுதானா, இதற்கா இரண்டு மாதம் வீறாப்பு பிடித்தோம் என்று நினைத்துக்கொண்டாள். காகிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பி, முதல் சிக்னலைத் தாண்டினாள். கார் இடப்பக்கம் இழுத்தது. போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

மேலாளர் காகிதத்தை அவள் முன்னால் விரித்தார். "பாருங்க மேடம், எல்லாமே பச்சை."

"காகிதம் நேரா ஓடுது. கார் ஓடல."

"மேடம், மெஷின் பொய் சொல்லாது."

"நான் கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். ஒருத்தர் வந்து எழுத்து மங்கலாத் தெரியுதுன்னா, என் மெஷின் சரின்னு சொல்லுதுன்னு நான் அனுப்பிட முடியுமா? மறுபடி கண்ணத்தானே பாக்கணும்?"

"மேடம், நாங்க கம்பெனி சொன்ன நம்பருக்குத்தான் வெப்போம். உங்க கார்ல கம்பெனி வெச்சது என்ன மிச்சமிருக்கு, சொல்லுங்க?"

"அப்ப அந்த நம்பர் மட்டும் எதுக்கு?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாதபோது மனிதர்கள் கடிகாரத்தைத்தானே பார்ப்பார்கள்! அவளும் பார்த்தாள். மணி பன்னிரண்டே கால்.

காரை ஓரமாக நிறுத்தி, கார்ப் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். கேட்டிருக்கவே கூடாது. பத்து நிமிஷத்தில் பதினேழு பேர் பதினேழு கடை சொன்னார்கள். ஒருவர் சொன்ன கடையை இன்னொருவர் திட்டினார், திட்டியவரை மூன்றாமவர் திட்டினார். கடைசியில் அலைன்மெண்ட் போய், எந்த டயர் உசத்தி என்கிற சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவில், 'சைலன்சர்' என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். "மரக்கிடங்குக்குப் பின்னாடி. போர்டு கிடையாது. நூல்காரர்னு கேளுங்க. அவர் கேக்குற கேள்விக்கெல்லாம் உண்மையா பதில் சொல்லுங்க, இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாரு."

கண்டுபிடிப்பதற்குள் ஒன்றரை ஆகிவிட்டது. தகரக் கூரை, சமமாகப் பூசிய சிமெண்டுத் தரை, சுவரோரம் மணல் மூட்டைகள். ஒல்லியான ஒரு மனிதர் காரைச் சுற்றி வந்தார், கருவி எதையும் தொடவில்லை. முதலில் அவளையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வந்தார். அப்புறம் ஒரு நோட்டை எடுத்தார்.

"இதுல வழக்கமா யார் யார் உக்காருவாங்க? எங்க உக்காருவாங்க? எத்தனை கிலோ?"

"அதெல்லாம் எதுக்குங்க?"

"தரையோட கிடக்குற வண்டிம்மா. ஆள் ஏறினா உக்காரும், உக்காந்தா சக்கரம் சாயும். காலி வண்டிக்கு அளவு வெச்சா காலி வண்டிதான் நேரா ஓடும்."

இரண்டு மாதத்தில் இப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. "நான் எழுபத்திரெண்டு. முன்னாடி அவரு, அறுபத்தெட்டு. பின்னாடி இடப்பக்கம் பாப்பா, இருபத்தொண்ணு." இனி அந்த இரண்டு இடத்திலும் ஆள் வருமா என்பதே சந்தேகமாக இருக்கும்போது இதென்ன கணக்கு என்று தோன்றியது.

அவர் மூட்டைகளை எடைபோட்டு இருக்கைகளில் வைத்தார். பின்னால் இடப்பக்கம், பாப்பாவின் குட்டி இருக்கையில், ஒரு சின்ன மூட்டையை வைத்து பெல்ட்டையும் மாட்டினார். கண்ணாடிக்காரியால் அதைப் பார்க்க முடியவில்லை. புதன்கிழமை அந்தக் கம்பம் அந்தப் பக்கம்தான் இருந்தது. பயம் அப்போது வரவில்லை, இப்போதுதான் வந்தது. ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவர் வண்டியின் இருபுறமும் கம்பி நட்டு, முன்னிருந்து பின்வரை நூல் கட்டினார். பெயர் வந்த கதை அதுதான். நூலுக்கும் சக்கரத்துக்கும் இடைவெளியை அளந்தார், எழுதினார், மறுபடி அளந்தார். முகம் கோணியது. விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் போனார். அப்புறம் அடியிலிருந்தே குரல் வந்தது.

"இடப்பக்க ஆர்ம் போல்ட்ட முறுக்கினது யாரு?"

அவளிடம் இதற்கு ஒரு தயார் பதில் உண்டு. குழுவில், கடையில், நாத்தனாரிடம் போனில், எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வது: "இடப்பக்கம் எங்க வீட்டு நர்ஸ் முறுக்கினதுங்க, அதான் இழுக்குது. ஊசி போடுற கை!" அவனை வைத்துக்கொண்டேகூட எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவனும் சிரித்துவைப்பான்.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள்.

"வண்டி ஜாக்கியில இருக்கும்போதா, தரையில இறக்கினதுக்கப்புறமா?"

"ஜாக்கியில."

"சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது முறுக்கினா, உள்ள இருக்குற ரப்பர் அந்த வாக்குலயே பிடிச்சுக்கும். கீழ இறக்கினதும் முறுக்கிக்கிட்டு திமிறிட்டே இருக்கும். இது தெரியாதவங்க செய்யுற தப்பு. ஆனா வலப்பக்கம் சரியா, தரையில வெச்சுதான் முறுக்கியிருக்கு. அது யாரு?"

"நான்."

நூல்காரர் வெளியே வந்து அவளைப் பார்த்தார். "அப்ப உங்களுக்குத் தெரியும்."

தெரியும். நன்றாகவே தெரியும். அன்று வலப்பக்கம் முடிக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலை குழுவினர் எல்லோரும் காரைக் கொண்டுவந்து காட்டுகிற கூட்டம். வண்டியை இறக்கி, பலகைமேல் ஏற்றி, அடியில் படுத்து முறுக்க வேண்டும் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த கணவன் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, "இப்படியே முறுக்கிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவள் அவள்தான். அவன் சொன்னபடி செய்தான். அவனுக்கென்ன தெரியும், பாவம்.

"நான் சொல்லித்தான் அவரு முறுக்கினாரு" என்றாள் மெதுவாக.

"என்கிட்டயும் வண்டிகிட்டயும் சொல்லி என்னம்மா பிரயோஜனம்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். போல்ட்டைத் தளர்த்தினார், வண்டியைச் சக்கரத்தில் நிற்கவைத்து நாலு தடவை அமுக்கி அசைத்தார், திரும்ப முறுக்கினார். நூலைப் பார்த்து அளவுகளை வைத்தார். நாலே முக்காலுக்கு, மரக்கிடங்கின் ஆளில்லாத பாதையில், கணவன் இடத்தில் அவரையும் பின்னால் பாப்பாவின் மூட்டையையும் வைத்து ஓட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். கார் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. இரண்டு மாதமாக இதற்குத்தான் ஏங்கினாள். இப்போது துளி சந்தோஷம் வரவில்லை.

பஸ் நிலையத்துக்கு ஐந்து இருபதுக்கு வந்து சேர்ந்தாள். நர்ஸ் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், மடியில் பை. பாப்பா பெஞ்சைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"நேரா ஓடுதுங்க" என்றாள், மூச்சு வாங்க.

அவன் தலையாட்டினான், எழுந்து பையைத் தோளில் மாட்டினான்.

"இருங்க. அது இடப்பக்க போல்ட்டுதான். தொங்கும்போது முறுக்கக் கூடாது. எனக்கு அது அன்னிக்கே தெரியும். அவசரத்துல உங்கள முறுக்கச் சொன்னேன். உங்க மேல தப்பே இல்ல. என் தப்பு."

அவன் அப்படியே நின்றான். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"புதன்கிழமையிலேர்ந்து நான் கண்ண மூடல" என்றான். "பாப்பா உக்காந்த பக்கம். நான் முறுக்கின பக்கம். வார்டுல ஒவ்வொரு குழந்தைய தூக்கிட்டு வரும்போதும் என் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். உன் கார் மேல சந்தேகப்பட்டேன்னா நினைச்ச? என் கை பட்ட கார்ல எப்படி என் புள்ளைய ஏத்துறதுன்னுதான் டிக்கெட் எடுத்தேன்."

எத்தனை பேர் முன்னால், எத்தனை தடவை, சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தாள்! அவமானத்தில் அழுகை முட்டியது. "மன்னிச்சிடுங்க" என்றாள். அது அவள் காதுக்கே போதவில்லை.

நடத்துநர் விசில் ஊதினார். நர்ஸ் மகளைப் பிடித்து நிறுத்தி, தலையைக் கோதி, அவள் கையை எடுத்து மனைவியின் கையில் வைத்தான்.

"இவள கார்ல கூட்டிட்டு வா."

"நிஜமாவா? அப்ப நீங்களும்..."

"நேரா ஓடுதுன்னு நீ நூறு தடவ சொல்லியிருக்க. தப்பு என்னோடதுன்னு இன்னிக்குத்தான் சொன்ன. அதனால வண்டிய நம்புறேன்." படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினான். "நான் பஸ்லயே வரேன். உன் பக்கத்துல நாலு மணி நேரம் என்னால இப்ப உக்கார முடியாது. உக்காந்தா சண்டை போடுவேன். புள்ள முன்னாடி வேணாம்."

ஏறிப் போய்விட்டான்.

பாப்பாவுக்கு பெல்ட் மாட்டும்போது கண்ணாடிக்காரி மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். பஸ் கிளம்ப, அதன் பின்னாலேயே காரை எடுத்தாள். ஊர் எல்லை தாண்டியதும் பாப்பா பின்னாலிருந்து கேட்டாள்.

"அப்பா ஏன் நம்ம கார்ல வரல?"

"அப்பாவுக்கு என் மேல கோவம்."

"நீ என்ன பண்ண?"

"நான் பண்ண தப்ப அப்பா பண்ணதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

"அப்ப எல்லார்கிட்டயும் போய் இல்லன்னு சொல்லணுமேம்மா. எவ்வளவு நாளாகும்?"

"தெரியலடா" என்றாள் கண்ணாடிக்காரி. "மொதல்ல அத்தை வீட்டுல ஆரம்பிக்கிறேன்."