திரும்பி வந்த மெயில்

மாமனார் வீட்டில் அவனுக்குப் பெரிய மாப்பிள்ளை என்று பெயர். பெரிய என்பது வயசுக்கு மட்டும்தான். மற்ற பெருமையெல்லாம் சின்ன மாப்பிள்ளையின் பக்கம் சாய்ந்து நாலு வருஷம் ஆகிறது.

இரண்டு பேருக்கும் ஒரே அலுவலகம். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் கம்பெனி. சின்னவன் மாடியில் வெளிச்சமான ஹாலில் உட்கார்ந்து வரைகிறவன். பெரியவன் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், மெயில் ஒழுங்காகப் போகிறதா வருகிறதா என்று பார்க்கிறவன். மெயில் போனால் அவனை யாருக்கும் ஞாபகம் இருக்காது. போகாவிட்டால் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சின்னவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே பெரியவன்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டான்.

மாமனார் வாயைத் திறந்தால் சின்னவரின் கைநேர்த்தி பற்றித்தான் பேச்சு. பெரியவன் என்ன வேலை பார்க்கிறான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிறவர்களிடம் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்பார்.

அந்த மாதம் ஒரு பெரிய நிறுவனம் தலைமை வரைபடக்காரர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தது. வரைந்த படங்களின் மாதிரி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மெயிலில் வந்து சேர வேண்டும். சின்னவன் மூன்று வாரம் கண்விழித்துத் தயார் செய்தான். வேலை கிடைத்த மாதிரியே வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கொழுந்தியாள் புது ஊரில் வாடகை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஸ்கேனர் மெஷினிலேயே மெயில் முகவரியைத் தட்டி, பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போவார்கள். திரையில் "அனுப்பப்பட்டது" என்று வரும். அது மெஷினின் கையைவிட்டுப் போனதைத்தான் சொல்கிறது, உரியவரிடம் சேர்ந்ததை அல்ல. அப்படிப் போகும் மெயில் மெஷினின் பெயரில் போகிறது. திரும்பி வந்தால் மெஷினின் பெட்டிக்குத்தான் வரும். அனுப்பியவனுக்குத் தெரியாது. இதைப் பெரியவன் இரண்டு முறை சுற்றறிக்கையாக எழுதினான். ஒருத்தரும் படிக்கவில்லை. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் அவன்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று பத்துக்கு அந்தப் பெட்டியில் ஒன்று வந்து விழுந்தது. சின்னவனின் விண்ணப்பம். கடிதம் அளவுக்கு மீறிவிட்டதால் ஏற்கவில்லை என்று அந்த நிறுவனத்தின் மெயில் திருப்பி அனுப்பியிருந்தது. அவர்களின் எல்லை இருபது எம்பி. சின்னவன் ஃபைல் பதினெட்டு எம்பி. இருபதுக்குள்தானே இருக்கிறது என்று அவன் நினைத்திருப்பான். ஆனால் படத்தை மெயில் அப்படியே தூக்கிக்கொண்டு போவதில்லை. எழுத்துகளாக மாற்றிக் கட்டித்தான் அனுப்பும். கட்டும்போது மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும். பதினெட்டு, இருபத்து நாலாகிவிட்டது.

ஃபைலைச் சுருக்கி மறுபடி அனுப்புவது ஐந்து நிமிஷ வேலை. பெரியவன் சுருக்கவில்லை. திறந்து பார்த்தான். ஒரு படிக்கட்டின் குறுக்குவெட்டு இருந்தது. கைப்பிடி திரும்புகிற இடத்தில் கோடு எங்கேயும் தடுமாறவில்லை. குறை கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் தேடினான். கிடைக்கவில்லை. ஃபைலை மூடினான்.

நாலு மணிக்குச் சின்னவனே இறங்கி வந்தான். கதவோரமாக நின்றுகொண்டு, "அண்ணா, அனுப்பிட்டேன். போயிருக்கும்ல?" என்றான்.

"உனக்குத் திரும்பி வந்துச்சா?"

"இல்லண்ணா."

"அப்புறம் என்ன."

பொய் சொல்லவில்லை என்று பெரியவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஐந்து அடித்தது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டான்.

பத்து நாள் கழித்து அந்த நிறுவனம் பட்டியல் வெளியிட்டது. சின்னவன் பேர் இல்லை. இனிமேல் வீட்டில் தராசு கொஞ்சம் நேராகும் என்று பெரியவன் கணக்குப் போட்டிருந்தான். கணக்கு தப்பிவிட்டது. கொழுந்தியாள் அழுதாள். அவன் மனைவி தங்கைக்குத் தினம் இரண்டு முறை போன் போட்டாள். மேலாளர் சின்னவனைக் கூப்பிட்டு இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். போன வருஷம் பெரியவனுக்குப் பதவி உயர்வு கைநழுவியபோது, சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட ஒரு நாதி இல்லை. ஜெயித்தாலும் சின்னவனுக்குத்தான் மாலை, தோற்றாலும் அவனுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. சின்னவன் தட்டில் மாமனார் தன் கையால் பரிமாறினார். பெரியவனுக்கு அவர் ஒரு நாளும் பரிமாறியதில்லை. பரிமாறிக்கொண்டே சொன்னார்.

"தோத்தவர் மாதிரியா இருக்காரு? அந்தக் கம்பெனிக்காரங்களை ஒரு வார்த்தை குறை சொல்லல பாருங்க. இந்தப் பக்குவம் எத்தனை பேருக்கு வரும்?"

சொல்லிவிட்டுப் பெரியவனைப் பார்த்தார். சும்மாதான் பார்த்திருப்பார். பெரியவனால் பொறுக்க முடியவில்லை. வேலையை மட்டும்தான் பறிக்க முடிந்தது, இந்தப் பக்குவத்தையும் பறிக்க வேண்டும்.

"அவர் தோக்கவே இல்ல மாமா. அவங்க அந்தப் படத்தைப் பார்க்கவே இல்ல. மெயிலே போய்ச் சேரல."

கரண்டி அந்தரத்தில் நின்றது. சின்னவன் நிமிர்ந்தான்.

"உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?"

நேற்றுதான் பார்த்தேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் முதல் தடவையாக அவன் வேலையைப் பற்றி ஒருத்தர் கேட்கிறார். வாய் ஓடிவிட்டது. எல்லை இருபது, ஊதியது இருபத்து நாலு, மெஷினின் பெட்டி, வெள்ளிக்கிழமை மூன்று பத்து என்று வரிசையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அவன் மனைவிதான் முதலில் பிடித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அஞ்சு மணி வரைக்கும் டைம் இருந்துச்சே."

யாரும் திட்டவில்லை. மாமனார் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சின்னவன் கேட்டான்.

"படத்தைத் திறந்து பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றான் பெரியவன். "அதனாலதான்."

சின்னவன் எழுந்து கை கழுவப் போனான்.