நாலாவது தோள்

டேங்கர் லாரியின் குழாயைத் திறக்கப்போன வனிதாவின் கையைச் சித்தப்பா தனபால் தட்டிவிட்டார்.

"இதுல ஒரு சொட்டு எங்கண்ணன் மேல படக்கூடாது."

வாசலில் அப்பா நஞ்சப்பன் பெஞ்சின்மேல் கிடந்தார். விடியற்காலையில் உயிர் பிரிந்திருந்தது. எருத்தேன்பதி முழுக்க வாய்க்கால் காய்ந்து, போர்வெல்கள் காற்றைத்தான் இறைத்தன. பஞ்சாயத்து லாரி சாயங்காலம்தான் வரும். சித்திரை வெயிலில் அதுவரை அப்பாவைக் குளிப்பாட்டாமல் போட்டுவைக்க வனிதாவுக்கு மனம் வரவில்லை. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், ஆற்றின் மேல்பக்கமான ஆனைமலையில் தோப்பு வைத்திருக்கும் ஆனந்தகுமாரைப் போனில் கூப்பிட்டாள். அவரே லாரியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இது எங்க கெணத்துத் தண்ணிங்க," என்றார் அவர்.

"ஆத்த மறிச்சுப்போட்டுப் பொணத்துக்கு ஊத்த வந்தீங்களாக்கும்?" தனபால் வனிதாவின் பக்கம் திரும்பினார். "அவனுகளையும் எங்களையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பாடம் நடத்துனியே, அன்னைக்கே எங்கண்ணன் செத்துட்டான்."

நீர் ஆய்வு மையத்தில் அவளுக்கு வேலை. போன வருடம் கொழிஞ்சாம்பாறை மண்டபத்தில் ஆனந்தகுமார் உட்பட இரண்டு மாநில விவசாயிகளையும் கூட்டி, இரு தரப்பும் சேர்ந்து எடுத்த அணை நீர்மட்ட அளவுகளைக் காட்டினாள். "மேல அணையிலயும் தண்ணி இல்லைங்க" என்று அவள் சொன்னதும் முன்வரிசையிலிருந்து அப்பா எழுந்து வெளியே போனார். பிறகு அவளோடு பேசவே இல்லை. படுக்கையில் விழுந்த பிறகும், அவள் கஞ்சி கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

அம்மா கமலாத்தாள் எழுந்து வந்து குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

"அண்ணி, இத ஊத்துனீங்கன்னா நான் பாடை தூக்க மாட்டேன்."

"தூக்க வேண்டாம், போங்க." மகளின் முகத்தைப் பாராமலே, "தொறந்து உடு. உனக்காவ இல்ல. அந்த மனுசன் வேர்வையோட போகக்கூடாது," என்றாள்.

தனபால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னாலேயே முக்கால்வாசிக் கூட்டமும் போய்விட்டது.

குளிப்பாட்டி முடித்துப் பாடை எடுக்கும்போது தோள்கொடுக்க மூன்று பேர்தான் இருந்தார்கள். ஆனந்தகுமார் முன்னால் வந்தார்.

"நீங்க கை வெக்காதீங்க," என்றான் பாடையின் முன்முனையில் நின்றவன்.

வனிதா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாலாவது முனையில் தோளைக் கொடுத்தாள். "பொம்பளப் புள்ள..." என்று யாரோ ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் குள்ளம். பாடை அவள் பக்கமாகச் சாய்ந்தது.

முன்னால் நின்றவன் வாய்க்குள் ஏதோ திட்டினான். திட்டிக்கொண்டே முழங்காலைக் கொஞ்சம் மடக்கினான். மற்ற இருவரும் தோளைத் தாழ்த்தினார்கள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. பாடை நேரானதும் நடக்க ஆரம்பித்தார்கள்.