எனக்கென்று ஒரு வாக்கியம்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்த அம்மாளுக்கு ஸ்பானிஷ் வகுப்பில் ஆசைப்படக் கற்றுக்கொடுத்தார்கள். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அடுத்தவருக்காகத்தான். மகனுக்குச் சம்பளம் உயர வேண்டும், மருமகளுக்கு உடம்பு தேற வேண்டும், பேத்தி சளித் தொல்லை இல்லாமல் தூங்க வேண்டும். அடுத்தவருக்காக ஆசைப்பட்டால் அந்த மொழியில் வினைச்சொல்லையே வேறு மாதிரி திருப்ப வேண்டும். மற்றவர்கள் அதில் திக்கித் திணற, இவள் வெளுத்து வாங்கினாள்.

"எல்லாம் சரி. உங்களுக்காக ஒண்ணு சொல்லுங்க. 'கியெரோ', அதாவது 'எனக்கு வேணும்'னு தொடங்கி, செய்ய நினைக்கிறதச் சேருங்க. ரொம்பச் சுலபம்" என்றார் வாத்தியார்.

திருதிருவென்று முழித்தாள். சுலபமாம்! இத்தனை வருஷம் வாயில் வராதது ஒரு சாயங்கால வகுப்பில் வந்துவிடுமா?

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனைத் திருப்பும்போது வந்தது. கியெரோ கொண்டுஸீர். ஓட்ட வேண்டும். இந்த நாலு தெருவில் அல்ல, சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில், ஊர் ஊராக. ஸ்பானிஷ் பேசும் ஓட்டுநர் வேண்டும் என்று ஒரு பயண நிறுவனம் தேடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியூரிலிருந்து மகன் வந்து நின்றான், கையில் இரண்டு ரயில் டிக்கெட்டோடு.

"காலைல கிளம்புறோம்மா. அவ திரும்ப வேலைக்குப் போறா, குழந்தையப் பாத்துக்க ஆள் இல்ல. வேன வித்துடலாம்."

"எனக்கு நாளைக்கு இன்டர்வியூடா."

"இந்த வயசுல இன்டர்வியூவா? உனக்கு என்னம்மா வேணும்? நாங்க பாத்துக்க மாட்டோமா?"

கேட்டானே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவளுடைய பெட்டியை இழுத்து வைத்து, துணிகளை அடுக்கத் தொடங்கிவிட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுக்கியதையெல்லாம் எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

"கியெரோ இர்."

"என்னது?"

"'நான் போகணும்'னு அர்த்தம். உன்கூட இல்ல, இன்டர்வியூவுக்கு."

காலையில் மகனை ரயில் நிலையத்துக்கு அவளே வேனில் கூட்டிப்போனாள். அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளோ வழியெல்லாம் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாசம் இல்லாமலா? இருக்கத்தான் செய்தது. அதற்காக வண்டியின் வேகத்தை அவள் குறைக்கவில்லை.

இறங்கும்போது, "குழந்தைக்கு நான் என்னம்மா பண்றது?" என்றான்.

"அதுக்கும் ஒரு வார்த்தை வெச்சிருக்காங்கடா. நம்ம கையில இல்லாததுக்கு ஆசைப்படும்போது சொல்றது. ஓஹாலா! ஓஹாலா, உனக்கு நல்ல ஆள் கிடைக்கட்டும்." கியரைப் போட்டாள். "கதவ நல்லாச் சாத்து, எனக்கு நேரமாச்சு."