விரைவில் என்று சொல்லும் வேலை

அந்த அரசுத் துறையின் உதவி எண்ணுக்கு யார் கூப்பிட்டாலும் எடுத்துப் பேசுகிறவள் ஒருத்திதான். அதனால் அலுவலகத்தில் எல்லோரும் அவளை ஹெல்ப்லைன் என்றே கூப்பிட்டார்கள். "ஹெல்ப்லைன், பிரிண்டர் திரும்பப் படுத்துருச்சு பாரு." "ஹெல்ப்லைன், என் பாஸ்வேர்டை யாரோ மாத்திட்டாங்க." யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அவரே மறந்திருப்பார்.

போன் எடுப்பது மட்டுமல்ல அவள் வேலை. துறையின் இணையதளமே அவள் கையில்தான் இருந்தது. சர்வருக்கு மூச்சு முட்டினால் தட்டி எழுப்புவாள், அறிவிப்புகளை ஏற்றுவாள், மற்றவர்கள் கெடுத்து வைத்ததைச் சரிசெய்வாள். முறையாகப் பார்த்தால் அது உதவி புரோகிராமர் என்ற அரசுப் பதவியில் இருப்பவர் செய்யவேண்டிய வேலை. அந்தப் பதவிகள் காலியாகக் கிடந்தன. அவளோ ஆள் அனுப்பும் ஒரு தனியார் கம்பெனி வழியாக ஒப்பந்தத்தில் வந்தவள். கழுத்தில் தொங்கிய அட்டையில்கூடத் துறையின் பெயர் கிடையாது.

அந்தப் பதவிகளுக்கு அரசு ஒரு தேர்வு வைத்தது. ஹெல்ப்லைனும் எழுதினாள். கேள்வித்தாளில் பாதி, அவள் அன்றாடம் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற காரியங்கள். விடைக்குறிப்பு வெளிவந்தபோது சரிபார்த்துவிட்டு அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் முடிவு கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. அந்த வருடம் போனது. அடுத்ததும் போனது.

தேர்வு எழுதியவர்கள் எல்லாம் உதவி எண்ணைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கேள்வி ஒன்றேதான். ரிசல்ட் எப்போது வரும்? அதற்குச் சொல்ல வேண்டிய பதிலை இயக்குநர் முடிவு செய்து கொடுத்திருந்தார். "விரைவில் வெளியாகும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எந்த அதிகாரியின் அறைக்கும் இணைப்பைத் திருப்பக் கூடாது. ஆகவே, தானும் கேட்கத் துடிக்கிற கேள்விக்குத் தனக்கே தெரியாத பதிலை அவள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூப்பிடுகிறவர்களில் ஒருவருக்கு அவள் குக்கர் என்று பெயர் வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறவர். கோபம் ஏற ஏறப் பல்லிடுக்கில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். மூன்று விசில் வந்தால் மூடி பறக்கும்.

"ஸ்ஸ்ஸ்... விரைவில்னா என்ன அர்த்தம்மா? என் பொண்ணு ஒண்ணாவது சேர்றப்ப விரைவில்னீங்க. இப்ப அவ மூணாவது போறா."

"மன்னிக்கணும் சார். தகவல் வந்ததும் இணையதளத்துல போடுவோம்."

"ஸ்ஸ்ஸ்... இலவு காத்த கிளிக்காவது கடைசியில பஞ்சு பறக்கறதப் பாக்கக் குடுத்து வச்சிருந்துச்சு. எங்களுக்கு அதுவும் இல்ல. உனக்கென்ன தாயி, கவர்மென்ட் நாற்காலியில ஜம்முனு உக்காந்திருக்க. எங்க வயித்தெரிச்சல் உனக்கு எங்க புரியப்போகுது?"

மூன்றாவது விசிலுக்குள் அவளே துண்டித்துவிட்டாள். கவர்மென்ட் நாற்காலியாம்! அதன் ஒரு கால் உடைந்து, அட்டையை மடித்து முட்டுக்கொடுத்திருந்தார்கள். அதைச் சொன்னால் அந்த ஆள் நம்பவா போகிறார்?

வீட்டிலும் நிம்மதி இல்லை. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. அம்மா சீருடை தைக்கும் தொழிற்கூடத்தில் தையல்காரி. நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருவதால் வீட்டிலும் உரத்த குரலில்தான் பேசுவாள்.

"அந்தப் பெரிய கம்பெனிக்காரன் வேலைக்கு வா வான்னு கூப்பிட்டான். நீ ரிசல்ட் வரட்டும், ரிசல்ட் வரட்டும்னு சொல்லி அதையும் விட்ட. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா இருக்குடி உன் கதை."

"கைவிடறதுக்கு எனக்குப் புருஷன் எங்கம்மா இருக்கான்?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்றாள் அம்மா. சிரிக்கவில்லை. மகளுக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்பெனியைக் கைவிட்டது உண்மை. அரசு வேலைக்கு வயது வரம்பு உண்டு என்பதும், அந்த வரம்பின் விளிம்பில்தான் தான் தேர்வு எழுதினோம் என்பதும் அவளுக்குத் தெரியும். இதை விட்டால் அவளுக்கு இன்னொன்று இல்லை.

ஒருநாள் இயக்குநரின் கணினி திறக்கவில்லை என்று அவளைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அடியில் புகுந்து வயரைச் சரியாகச் செருகிவிட்டு எழுந்தவள், துணிந்து கேட்டாள்.

"சார், நிறைய பேர் கேக்கறாங்க. ரிசல்ட் ஏன் சார் இவ்வளவு தாமதம்?"

அவர் நல்ல மனநிலையில் இருந்தார். "என்ன அவசரம்? ஆள் இல்லாம எந்த வேலையாவது நின்னு போச்சா? நீங்கள்லாம் தங்கமா பாத்துக்கறீங்க. நிதித்துறையிலயும் அதையேதான் சொல்றாங்க, ஓடற வண்டிக்கு எதுக்குப் புது மாடுன்னு."

பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டின் நடுவில் வந்தபோதுதான் அந்தப் பேச்சு உள்ளே இறங்கியது. அவள் சர்வரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டதால், விடுமுறையிலும் ஓடிவந்ததால், வேலை நிற்கவில்லை. வேலை நிற்காததால் ஆள் தேவையில்லை. தன் வேலைக்குத் தானே குழி தோண்டியிருக்கிறாள். கைப்பிடிச் சுவரை ஓங்கி ஒரு குத்து விட்டாள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் முட்டிதான் வீங்கியது.

அந்த வீக்கம் வடிவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் காலை. பிரிவின் கண்காணிப்பாளர், யார் மனதையும் நோகடிக்காத மெல்லிய மனிதர், அவள் பக்கத்தில் வந்து குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"உன் மெயிலுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பியிருக்கேம்மா. இப்பப் போடாத. சாயங்காலம் ஆபீஸ் பூட்டற நேரத்துல ஏத்திட்டுக் கிளம்பிரு. திரும்ப ஆபீஸ் திறக்கறதுக்குள்ள எல்லாரும் ஆறிப்போயிருவாங்கன்னு இயக்குநர் சொல்றாரு."

திறந்து படித்தாள். நிர்வாகக் காரணங்களால் உதவி புரோகிராமர் தேர்வு ரத்து செய்யப்படுகிறது. புதிய தேர்வு விரைவில் நடத்தப்படும். வயது, புதிய அறிவிப்பின் தேதியை வைத்துக் கணக்கிடப்படும். மேலும் விவரங்களுக்கு உதவி எண்ணைத் தொடர்புகொள்க.

மறுபடி படித்தாள். அவர்கள் இழுத்தடித்த காலம்தான் அவளை வயது வரம்புக்கு வெளியே தள்ளியிருந்தது. தாமதம் அவர்களுடையது, தண்டனை அவளுக்கு. இதை அவளே ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டு, கூப்பிட்டு அழுகிறவர்களுக்கெல்லாம் அவளே பதிலும் சொல்ல வேண்டும்.

"இதை நீங்க படிச்சீங்களா சார்?"

கண்காணிப்பாளர் மென்று விழுங்கினார். "மேலிடத்து முடிவும்மா. நாம அம்பு."

"அம்புதான் சார் குத்துது."

அவர் தன் இடத்துக்குப் போனார். அவள் அந்த அறிவிப்பை ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. ஆனால் சாயங்காலம்வரை காத்திருக்கவும் இல்லை. அந்த நிமிடமே இணையதளத்தின் முகப்பில், பெரிய எழுத்தில் ஏற்றினாள்.

சற்று நேரத்தில் போன் அலறியது.

"ஸ்ஸ்ஸ்... ரத்தா? யாரைக் கேட்டு ரத்து பண்ணீங்க? ஏன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா!"

"சார், எனக்குத் தெரியாது" என்றாள் ஹெல்ப்லைன். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு. லைன்ல இருங்க, குடுக்கறேன்."

திருப்பக் கூடாத இணைப்பை இயக்குநரின் அறைக்குத் திருப்பினாள். அடுத்த அழைப்பையும் திருப்பினாள். அதற்கடுத்ததையும். ஒரு பெண் விசும்பினாள். "அழாதீங்க. அழுதுட்டுப் பேசினா அவருக்கு வசதியாப் போயிரும். நல்லாக் கேளுங்க" என்று சொல்லித் திருப்பினாள். மாடியில் இயக்குநரின் போன் அடிப்பது கீழே வரை கேட்டது. வைத்தால் அடித்தது, எடுத்தால் திட்டியது. கணக்குப் பிரிவில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"யாரு லைனை எனக்குத் திருப்பறது?"

"நான்தான் சார்."

"உனக்கு என்ன சொல்லியிருக்கேன்?"

"விரைவில்னு சொல்லச் சொன்னீங்க. சொல்லிச் சொல்லி நாக்கு புளிச்சுப் போச்சு சார். இனிமே நீங்க சொல்லுங்க."

"சாயங்காலம்தானே போடச் சொன்னேன்!"

"ஏன் சார் சாயங்காலம்? நல்ல செய்தின்னா காலையிலயே போடலாமே?"

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு ஏம்மா இதுல இவ்வளவு அக்கறை? யாரு தூண்டிவிட்டா?"

"நானும் எழுதினேன் சார் அந்தப் பரீட்சையை."

அவர் திகைத்ததைப் பார்த்தாள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாமல் போனது. இத்தனை காலம் அவர் கண்முன்னால் நடமாடியிருக்கிறாள். அவருக்குத் தெரியவே தெரியாது.

"உங்க மெயில் திறக்கலேன்னா ஓடி வர்றேனே, அதே ஆளுதான் சார். வேலை நிக்கல, வண்டி ஓடுதுன்னு சொன்னீங்களே. ஓட்டினது நானு. ஒழுங்கா ஓட்டினதுக்குக் கூலியா எனக்கு வேலையே இல்லேன்னுட்டீங்க. நான் நாலு நாள் சர்வரைப் படுக்க விட்டிருந்தா என்னிக்கோ ரிசல்ட் வந்திருக்கும். அந்தப் புத்தி எனக்கு இல்லாமப் போச்சு!"

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"நாளைக்கு லீவு சார். இப்பவே போறேன்."

மேஜைமேல் போன் மறுபடி அடித்தது. பழக்கத்தில் கண்காணிப்பாளர் அவளைப் பார்த்தார். இயக்குநரும் பார்த்தார். "எடு" என்றார்.

"நீங்க எடுங்க சார்" என்று சொல்லி, கழுத்து அட்டையைக் கழற்றி போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். அது விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய அதிகாரி அதைத் தொடப் பயந்து நின்றார்.

வாசல்வரை கண்காணிப்பாளர் பின்னாலேயே வந்தார். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்மா. பொறுத்தார் பூமியாள்வார்னு சொல்வாங்க."

"பொறுத்தவங்களுக்கு வயசுதான் சார் போச்சு. பூமியை வேற யாரோ ஆண்டுக்கிட்டிருக்காங்க."

வெளியே அதற்குள் ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். சாயங்காலம் போட்டிருந்தால் யாரும் வந்திருக்க முடியாது. கூட்டத்தின் முன்னால், தலை முன்புறம் வழுக்கையான குட்டையான ஒருவர், காவலாளியிடம் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறிக்கொண்டிருந்தார். அது யாரென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சார், நான்தான் ஹெல்ப்லைன்" என்றாள்.

அவர் வாய் திறந்தபடி நின்றது. "நீயாம்மா? ஏன் வெளிய நிக்கற?"

"துரத்திட்டாங்க. நானும் எழுதினவதான் சார். எனக்கும் வயசு தாண்டிருச்சு."

அவர் முகம் மாறியது. "உன்னைப் போய் என்னென்னவோ பேசிட்டேனே" என்றார்.

"பேசினது சரிதான். பேசின இடம்தான் தப்பு. இப்பச் சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க, உக்காருங்க."

வாசற்படிகளில் உட்கார்ந்தார்கள். விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்தபோதும் உட்கார்ந்தார்கள். மழை பெய்த நாளிலும் குடையோடு உட்கார்ந்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொரு அதிகாரியும் கால்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். அவள் இல்லாமல் இணையதளம் படுத்துவிட்டதாகக் கண்காணிப்பாளர் ரகசியமாக வந்து சொன்னார். சரிசெய்யும் வழியைக் கேட்கவும்தான் வந்திருந்தார். "உதவி எண்ணைக் கூப்பிடுங்க சார்" என்று அனுப்பிவிட்டாள்.

கடைசியில் திருத்திய அறிவிப்பு வந்தது. பழைய தேர்வை எழுதியவர்கள் எல்லோரும், வயது தாண்டியிருந்தாலும், புதிய தேர்வை எழுதலாம். ரத்து மட்டும் ரத்தாகவே நின்றது. காரணத்தைச் சொல்லவில்லை.

படிகளில் கைதட்டல் எழுந்தது. சில பேர் ஓடிப்போய் ஒரு பூங்கொத்து வாங்கி வந்தார்கள். இயக்குநருக்குக் கொடுத்து நன்றி சொல்ல வேண்டுமாம். இளம்பெண் ஒருத்தி அவளைக் கூப்பிட்டாள். "வாங்கக்கா. நீங்கதான் முன்னால நிக்கணும்."

"எதுக்கு நன்றி?" அவள் கத்தியதில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வீட்டையே எடுத்துக்கிட்டுத் திண்ணையைத் திருப்பிக் குடுத்திருக்கான். அதுக்குப் பூவா? எழுதின பரீட்சை எங்க? நம்ம மார்க் எங்க? அதை யாராவது கேட்டீங்களா?"

"பகைச்சுக்கிட்டா நாளைக்கு நமக்கே கஷ்டம்க்கா" என்றாள் அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு. அவளையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் மேலே போனார்கள். கீழே குக்கரும் இன்னும் சிலரும்தான் மிஞ்சினார்கள்.

"ஸ்ஸ்ஸ்..." என்றார் குக்கர். "எனக்குத் தெரிஞ்ச வக்கீலம்மா ஒருத்தங்க இருக்காங்க. ஏன் ரத்துன்னு கோர்ட்ல கேக்கலாமா?"

"இப்பவே போலாம் சார்."

வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலை முடித்து உட்கார்ந்திருந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள்.

"கேஸு எவ்வளவு காலம் இழுக்கும்?"

"தெரியலம்மா. நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பாத்துக்கற வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, போறேன். புதுப் பரீட்சையும் எழுதுவேன். கேஸையும் விட மாட்டேன்."

"கொஞ்சம் கோபத்தைக் குறைச்சுக்கயேன்டி. உடம்புக்கு ஆகாது. சோறு இறங்குமா இப்படி இருந்தா?"

"நல்லா இறங்கும். போடு."

அம்மா தட்டை எடுத்துப் போட்டாள். மகள் பல நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள், முகத்தில் கடுகடுப்புக் கொஞ்சமும் குறையாமல்.