போத்தலில் மிஞ்சிய தசை

வாவிக்கரை ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மங்கையற்கரசி என்றால் எல்லாருக்கும் சிரிப்புத்தான். அறிக்கை போன பிறகும் நோயாளிகளின் மிச்சத் தசையை, அழுகாமல் காக்கும் போர்மலின் ஊற்றிய போத்தல்களில் அடுக்கி வைத்திருப்பாள். கருவாட்டுக் கடை போடப்போகிறாளா என்று கேலி செய்வார்கள். சுனாமி வீட்டை வழித்துத் துடைத்துக்கொண்டு போனதிலிருந்து அவளுக்கு எதையும் எறிய மனம் வராது, அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்த வருஷம் ஆவணியில், ஏறாவூரில் தறி நெய்யும் றஸீனாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டி அங்கே வந்தது. அதன் துண்டுகளைக் கொழும்பில் பார்த்துவிட்டு நியூரோஎண்டோகிரைன் வகைப் புற்றுநோய் என்றார்கள். நுரையீரலிலும் குடலிலும் வழக்கமாக வருவது, மார்பில் தொடங்குவது மிக அபூர்வம். ஸ்கானில் வேறெங்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எங்கோ ஒளிந்திருந்து பரவியதென்றால் மார்பை முழுதாக எடுத்தும் பெரிய பலனில்லை என்று ஆய்வுகூடத்து டொக்டர் திவாகரன் நெற்றியைத் தேய்த்தார்.

றஸீனா பேச்சை வளர்க்கவில்லை. வேறெங்கிருந்தாவது வந்ததென்றால் தன்னை யாரும் வெட்ட வேண்டாம், இருக்கிற நாளைத் தறியிலேயே கழித்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

மங்கையற்கரசிக்குப் பொறுக்கவில்லை. பதிவுப் புத்தகத்தைப் புரட்டினாள். முதலில் எடுத்த துண்டுகள் எல்லாம் கட்டியின் நடுப்பகுதி. புற்று தொடங்கிய இடத்தின் தடயம் மிஞ்சியிருந்தால் ஓரத்தில்தான் இருக்கும், அதை யாரும் பார்க்கவேயில்லை. உடனே அலுமாரியைத் திறந்து றஸீனாவின் போத்தலைத் தேடி எடுத்தாள். டொக்டரைக் கையோடு கூட்டிவந்து ஓரத்திலிருந்து புதிய துண்டுகள் எடுப்பித்தாள். மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, இரண்டு நாள் சாப்பாட்டையே மறந்தாள்.

ஒன்பதாவது கண்ணாடித் துண்டை வைத்தபோது டொக்டர் நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பால்குழாய்க்குள்ளேயே, அதன் சுவர் உடையாமல், அதே புற்றுக் கலங்கள் நிறைந்து கிடந்தன. வெளியிலிருந்து வந்ததென்றால் சுவரை உடைத்துக்கொண்டுதான் நுழைந்திருக்கும். புற்று அங்கேயே பிறந்திருக்கிறது. வேறெங்கிருந்தும் வந்ததல்ல. மங்கையற்கரசி வாய்விட்டுச் சிரித்தாள், அழுகையும் கூடவே வந்தது.

றஸீனாவை அழைத்து, மார்பை எடுத்து மருந்தும் ஏற்றினால் நம்பிக்கையோடு இருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அவள் இலேசில் நம்புகிற ஆளில்லை, கண்ணால் காட்டச் சொன்னாள். நுணுக்குக்காட்டியில் குனிந்து, ரோசாவும் ஊதாவுமாய்த் தெரிந்ததை நெடுநேரம் பார்த்தாள்.

"நிறம் ரெண்டும் நல்ல பொருத்தம் மிஸ். இதுல ஒரு சாரி நெய்யலாம்," என்றாள் மங்கையற்கரசியிடம். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டொக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஆனா எனக்குள்ள இது வேணாம். எப்ப வெட்டுறீங்க?"