நண்டு என்று எழுதப்பட்டவள்

பணி மதிப்பீட்டுக் கடிதங்கள் வந்த மறுநாள் காலை, லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதும் அந்த அலுவலகத்தில் நாற்பத்திரண்டு பேரும் கடிதத்தில் இருந்தபடியே நடமாடத் தொடங்கினார்கள். மேலாளருக்கு மனிதர்களை மிருகமாக்கிப் பேசாவிட்டால் சாப்பிட்டது செரிக்காது. சிறுத்தைப் பாய்ச்சல் என்று அவர் பாராட்டியவர்கள் வாசலிலிருந்து இருக்கைக்குப் பாய்ந்தார்கள். நிற்கத் தெரியாததால் எதிர்ச்சுவரில் காரை பெயர்ந்தது. கங்காரு என்று எழுதப்பட்டவர்கள் குதித்துக் குதித்துக் கூரை விளக்குகளை உடைத்தார்கள். கழுகு போல உயரத்திலிருந்து பார்ப்பவர் என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட மேலாளர், கூரையை ஒட்டி வட்டமிட்டார். இறங்குவதைப் பற்றி எழுத மறந்திருந்ததால் தேநீரைக் கம்பில் மாட்டி நீட்டினார்கள். நிர்வாகம் ஓர் ஏணி வாங்கியதோடு சரி.

சோதனைப் பிரிவில் இருந்தவளுக்கு வாய்த்தது நண்டு. நேராகப் போவதில்லை, சம்பந்தமில்லாததைத் துருவுகிறார், மூன்று மாதத்தில் திருந்தாவிட்டால் வேலை இல்லை என்று கடிதம் கறாராகச் சொன்னது. அவள் பக்கவாட்டில் நடந்தாள். கணவர் படுத்த படுக்கையாக இருந்த வீட்டில் அந்த வேலையால்தான் அடுப்பு எரிந்தது. நேராக நடக்கப் படாத பாடுபட்டாள், கால் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது மகள் பத்தடி தள்ளியே வந்தாள். கடிதத்தைவிட அதுதான் வலித்தது.

மூன்றாம் மாதக் கடைசி நாள், புது மென்பொருளை வாங்க வந்தவர்கள், அதில் ஓடும் அலுவலக லிஃப்டில் ஏறினார்கள். நான்காம் மாடியில் அது நின்றது, கதவு திறக்கவில்லை. சிறுத்தைகள் மேலே பாய்ந்தார்கள், கங்காருக்கள் கீழே குதித்தார்கள். மென்பொருளில், லிஃப்ட் மேலே போவதிலும் கீழே வருவதிலும் ஒரு குறையும் இல்லை. உள்ளே தட்டும் சத்தம் தளர்ந்துகொண்டே வந்தது. லிஃப்டில் பக்கவாட்டில் போகும் கதவு என்று ஒன்று இருப்பது அவளுக்கு மட்டுமே தோன்றியது. கணினியில் தேடிப் பார்த்தாள். மென்பொருளை எழுதிய சிறுத்தைகள், கதவைத் திறக்கச் சொல்லும் வரியையே எழுதாமல் தாண்டிப் பாய்ந்திருந்தார்கள். அதை எழுதிச் சேர்த்தாள். கதவு திறந்தது.

"கடிதத்த மாத்திடலாம்மா. சிறுத்தைன்னு போட்டுடவா?" என்றார் மேலாளர், கூரையிலிருந்து.

அவள் காரை பெயர்ந்த சுவரைப் பார்த்தாள். "நண்டே இருக்கட்டும் சார். வேலை உண்டுன்னு மட்டும் எழுதிக் குடுங்க."

அவர் எழுதிக் கீழே போட்டார்.

மாலையில் பள்ளி வாசலில் மகள், "வேலை போயிடுச்சாம்மா?" என்றாள்.

"போகல."

மகள் கொஞ்ச தூரம் தள்ளியே வந்தாள். பிறகு அருகில் வந்து, அம்மாவின் முகத்துக்கு நேராகத் திரும்பிக்கொண்டாள். இருவரும் முகம் பார்த்துப் பேசியபடி பக்கவாட்டிலேயே வீடு வரை போனார்கள். தெருவில் யாரும் நின்று பார்க்கவில்லை.