வரப்போவதாகச் சொன்ன குறுகுறுப்பு

1

இப்போதெல்லாம் எதுவும் நடக்கும்வரை பொறுத்திருக்க ஆளில்லை. மழையோ நோயோ, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதை பிறந்ததே அப்படியொரு வாய்ச்சொல்லில்தான். என் மனைவியின் தைராய்டை முழுதாக எடுத்த மறுநாள், டாக்டரம்மா ரத்தச் சீட்டைப் பார்த்தார்.

"ஹார்மோன் ஏழுதான் இருக்கு. கொறஞ்சது பதினஞ்சு வேணும். தைராய்டுக்குப் பின்னால பயறளவுல நாலு சுரப்பி இருக்கு. இந்த ஹார்மோனச் சுரந்து கால்சியத்தப் பாத்துக்கறது அதுங்கதான். ஆபரேஷன்ல அசந்துபோச்சு. ரெண்டு நாள்ல கால்சியம் இறங்கும். விரல் நுனி குறுகுறுக்கும், கை இழுத்துக்கும், வலிப்புகூட வரலாம். இப்பவே கால்சியம் மாத்திரை ஆரம்பிச்சிடணும்."

"இன்னும் ஒண்ணும் வரலையே?"

"வந்தப்புறம் பாக்கறதுக்கு நான் எதுக்குங்க ஐயா?"

2

முதல் வரியை மூன்று முறை எழுதினேன். 'அவள் கழுத்தில் அந்தத் தையல் ஒரு'

(மாலை போல என்று எழுத வந்தேன். பொய். தையல், தையல் போலத்தான் இருந்தது.)

நான் முப்பது வருஷம் ஆழ்துளைக் கிணறு போட்டவன். தண்ணீர் உண்டென்று அடித்துச் சொன்ன இடங்களில் வெறும் புழுதியைக் கண்டவன். ஒரு நம்பரை எப்படி நம்புவது?

3

நர்ஸ் இந்தக் கதைக்கு வேண்டாமென்று அவள் வரும் வரிகளை இரண்டு தடவை கோடு போட்டு அடித்தேன். மறுபடி வந்து நிற்கிறாள். வேளை தவறாமல் என் மனைவியின் கன்னத்தை விரலால் தட்டி, உதடு துடிக்கிறதா என்று பார்ப்பாள். கால்சியம் இறங்கினால் துடிக்குமாம்.

"கட்டிக்கிட்டு நாப்பது வருஷம், இந்த மனுஷன் என் கன்னத்தத் தொட்டதில்ல. நீ ஒரு நாளைக்கு நாலு தடவ தொடுற" என்றாள் என் மனைவி.

4

இதை எழுதக் கை வரவில்லை. மூன்றாம் நாள் நர்ஸ் என்னிடம் தந்த மதிய மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வருகிறதா பார்ப்போமே என்று. சாயங்காலம்வரை என் மனைவியின் விரல்களையே பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"பாத்தியா? எல்லாம் புளுகு. மத்தியானம் நீ மாத்திரையே போடல."

"போட்டேன். நீங்க பையில ஒளிச்சதப் பாத்தேன். நர்ஸ்கிட்ட வேற வாங்கிப் போட்டுக்கிட்டேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தோண்டிப் பாக்க என் உடம்புதான் கெடச்சுதா?"

5

முடிவு ஒன்று: மாத்திரை இல்லாமல் அவள் கை இழுத்துக்கொள்கிறது, நான் தலையில் அடித்துக்கொள்கிறேன். முடிவு இரண்டு: மாத்திரை இல்லாமலும் ஒன்றும் வரவில்லை, நான் ஜெயிக்கிறேன். எது நிஜமென்று தெரிய ஒரே வழி, அவளுக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால், உங்கள் வீட்டு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அந்த ஏழின்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கையில்லை. நாளை வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார்கள். மருந்துக்கடை மூடுவதற்குள் ஒரு மாதத்துக்கு மாத்திரை வாங்க வேண்டும். எழுந்து போகிறேன்.